புல்லைக் காய்ந்த கணக்கில் நிறுங்கள்: நிலாவெளிக் குதிரை ஏன் தேறவில்லை?

கேள்வி: டொக்டர், மலைநாட்டில் பந்தயம் ஓடிய 12 வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றை நாலு மாதத்துக்கு முன் வாங்கினேன். நிலாவெளிக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளை ஏற்றி நடத்துவதற்காக. வரும்போதே மெலிவுதான், இப்போது விலா எலும்பைத் தூர நின்றே எண்ணலாம். காலையும் மாலையுமாக இரண்டரைக் கிலோ அரிசித் தவிடு, ஊறவைத்த கொள்ளு ஒரு கிலோ, 15 கிலோ கோ-3 புல், இரவுக்கு இரண்டு கிலோ வைக்கோல் கொடுக்கிறேன். சில நேரம் புல்லை மென்றுவிட்டு உருண்டையாகத் துப்புகிறது. நெஞ்சுச் சுற்றளவு 175 செ.மீ., உடல் நீளம் 160 செ.மீ. குடலுக்கு நல்ல பற்றீரியா என்று ஒரு தூள் விற்கிறார்கள், விலை கூட. அதைக் கொடுத்தால் தேறுமா? பேக்கரி ஈஸ்டும் தயிரும் போதும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கொள்ளைக் கூட்டலாமா?

பதில்: தூளை இப்போதைக்கு வாங்க வேண்டாம். கொள்ளையும் கூட்ட வேண்டாம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று மனிதருக்குச் சொன்னது குதிரைக்கும் ஓரளவு பொருந்தும். கொள்ளு புரதம், உங்கள் குதிரைக்கு முதல் பற்றாக்குறை புரதம் அல்ல. அது புல்லுக்குப் பட்டினி கிடக்கிறது. அதோடு தவிடும் கோ-3 புல்லும் சேர்ந்து அதன் எலும்பிலிருந்து கல்சியத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கக்கூடும்.

நீங்கள் அளவு எடுத்து அனுப்பியது மிகவும் உதவியாக இருக்கிறது. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் நிறை கிலோவில் வரும். 175 × 175 × 160 ÷ 11,880. ஏறக்குறைய 412 கிலோ. நாடா முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், திமிலடியைச் சுற்றி வரவேண்டும். நீளம் தோள்பட்டை முனையிலிருந்து பின்தொடையின் கடைசி எலும்பு முனை வரை. மூச்சை வெளியே விட்டதும் வாசித்துக்கொள்ளுங்கள். அந்த உடல் நீளமுள்ள குதிரை 450 கிலோ அளவில் நின்றால் நல்லது. 35 - 40 கிலோ ஏற வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஹெனெக்கி 1983 இல் வகுத்த 1 முதல் 9 வரையான உடல்நிலைப் புள்ளியில் நீங்கள் சொல்வது 3 போலத் தெரிகிறது. 1 அல்லது 2 ஆக இருந்திருந்தால் இந்தப் பதிலே வேறு: பட்டினியில் கிடந்த குதிரைக்குத் திடீரென்று தானியம் போட்டால் இரத்தத்தில் பொஸ்பரசும் மக்னீசியமும் சரிந்து, தேறத் தொடங்கும் கிழமையிலேயே செத்துப்போகும். இடுப்பெலும்பு கூராக, வாலடி குழிந்து, கழுத்தெலும்பும் தெரிகிறதென்றால் கீழே எழுதியிருப்பதைத் தொடங்காமல் வைத்தியரை முதலில் கூப்பிடுங்கள்.

இனிப் புல்லுக்கு வருவோம். குதிரைக்கு நாளாந்தம் உடல் நிறையில் குறைந்தது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நார்த்தீன் போக வேண்டும். நிறை ஏற வேண்டுமென்றால் இரண்டு பங்கு. இது தண்ணீர் நீக்கிய, காய்ந்த கணக்கு. 450 கிலோவுக்கு 9 கிலோ. நீங்கள் 15 கிலோ கோ-3 என்கிறீர்கள், கேட்கப் பெரிதாக இருக்கிறது. பச்சைக் கோ-3 இல் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். எஞ்சுவது 3 கிலோ. வைக்கோலில் இன்னொரு 1.8 கிலோ. மொத்தம் 5 கிலோவும் இல்லை. தேவையில் ஏறக்குறையப் பாதி. மாடு வளர்ப்பவர்களின் கண்ணளவைக் குதிரைக்குப் பிடிப்பதால் வரும் பிழை இது. மாடு அசைபோட்டு நாரைப் பிழிந்துகொள்ளும். குதிரைக்கு நார் புளிக்கும் இடம் வயிற்றுக்கு அப்பால், குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும். தீன் அங்கே மாட்டில் போல நெடுநேரம் தங்காது. ஆகவே குதிரை மணிக்கணக்காகத் தின்றே ஆகவேண்டும்.

இன்னொரு சிக்கலும் நம் பக்கத்துக்கே உரியது. உல்லாசப் பயணிகள் வருவது மே முதல் செப்டெம்பர் வரை. கச்சான் காற்று வீசி தரை கருகிக் கிடப்பதும் அதே மாதங்களில்தான். குதிரைக்கு வேலை கூடும் காலமும் புல் குறையும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. அதற்குப் புல்லை முன்கூட்டியே ஒழுங்கு செய்யாமல் தவிட்டால் ஈடுகட்டப் போனால் நடப்பதைத்தான் இப்போது பார்க்கிறீர்கள்.

தவிடு கெட்ட தீன் அல்ல. எண்ணெய்ச் சத்து நிறைந்தது. குதிரையும் விரும்பித் தின்னும். ஆனால் ஒரு கிலோ தவிட்டில் பொஸ்பரசு 16 கிராம் அளவில் இருக்க, கல்சியம் ஒரு கிராம்தான். குதிரைக்கு இது தலைகீழாக இருக்க வேண்டும்: பொஸ்பரசைவிடக் கல்சியம் கூட, ஒன்றரை மடங்கு அளவில். உங்கள் இரண்டரைக் கிலோவில் 40 கிராம் பொஸ்பரசுக்கு இரண்டரைக் கிராம் கல்சியம். சரி, புல்லில் வரும் என்றால், கோ-3 நேப்பியர்க் குடும்பத்துப் புல். அதில் ஒட்சலேற்று இருக்கிறது. புல்லிலுள்ள கல்சியத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். குதிரையின் சிறுகுடலால் அதை விடுவிக்க முடியாது. மாட்டின் முதல் வயிற்றிலுள்ள பற்றீரியா ஒட்சலேற்றை உடைத்துவிடுவதால் மாட்டுக்காரர் இதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். கினிப்புல்லிலும் இதே கதைதான்.

இரத்தத்தில் கல்சியம் குறைய உடம்பு விடாது. எலும்பைக் கரைத்து ஈடுசெய்யும். அதனால் இரத்தப் பரிசோதனை செய்தால் கல்சியம் சரியாகவே இருக்கும். "எல்லாம் நோமல்" என்று துண்டு வரும். அதை நம்பி விட்டுவிடக்கூடாது. கையால் பாருங்கள்: கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடைப்பட்ட முக எலும்பை இரு பக்கமும் ஒரே நேரத்தில் உள்ளங்கையால் தடவுங்கள். கூரான எலும்பு விளிம்பு தெரிய வேண்டிய இடம் இருபுறமும் மொத்தமாக, மேடாக இருந்தால் அதுதான் "பெருந்தலை" நோயின் அடையாளம். அதற்கு முன்பே வேறு அறிகுறிகள் வந்துவிடும். இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று மாறி மாறி நொண்டும், எட்டு குறுகும், பல் ஆடும், மெல்ல நோகும், மெலியும். உங்கள் குதிரை உருண்டை துப்புவதை நான் முதலில் பல்லோடுதான் சேர்த்துப் பார்க்கிறேன் என்றாலும் இதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

திருத்தம் சுலபம், மலிவானதும்கூட. கோழித்தீன் மூலப்பொருள் விற்கும் கடையில் சுண்ணக்கல் மா கிடைக்கும். கல்சியம் காபனேற்று என்று கேளுங்கள். சிப்பித்தூளாகத் தந்தால் மாவாக அரைத்தது வேண்டும், முட்டைக்கோழிக்குப் போடும் குருணை வேண்டாம். கீழே நான் சொல்லும் தீன் அளவுக்கு நாளாந்தம் 80 கிராம். வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம்! அது நீற்றிய சுண்ணாம்பு, வாயையும் குடலையும் பொசுக்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் நடக்கும் தவறு. சுண்ணக்கல் மா சுவையற்றது, தொட்டியின் அடியில் படிந்து கிடக்கும். ஈரமான புண்ணாக்கில் பிசைந்து கொடுத்தால் தப்பாது.

தவிட்டை வாங்கும்போது உள்ளங்கையில் ஒரு பிடி வைத்து ஊதிப் பாருங்கள். பறப்பது உமி. கையில் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் தவிடு. பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். பச்சையரிசித் தவிடு ஆலையிலிருந்து வந்த சில நாளிலேயே காறத் தொடங்கும், ஏனென்றால் அதிலுள்ள எண்ணெயை உடைக்கும் நொதியம் உயிரோடு இருக்கிறது. புழுங்கலரிசித் தவிட்டில் அவித்தபோதே அது செத்துவிட்டது. அதனால் கூட நாள் தாங்கும், எண்ணெயும் கூட. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து ஆலைகளில் எது குற்றப்படுகிறது என்று கேட்டு, புழுங்கல் நாளில் போய், ஒரு கிழமைக்கு மட்டும் வாங்குங்கள்.

தவிட்டை ஒரு கிலோவாகக் குறைத்து, அந்த இடத்தில் தேங்காய்ப் புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ போடுங்கள். மெலிந்த குதிரைக்கு நம் ஊரில் கிடைக்கும் மிகச் சிறந்த பொருள் இதுதான் என்பது என் முடிவு. மாப்பொருள் குறைவு, எஞ்சிய எண்ணெயும் செரிக்கும் நாரும் கூட, புரதம் ஐந்தில் ஒரு பங்கு. தானியம் போல இரத்தச் சீனியை ஏற்றிக் குதிரையைத் துள்ள வைக்காது. பந்தயம் ஓடிய குதிரையின் முதுகில் பிள்ளைகளை ஏற்றும் உங்களுக்கு அதுவும் ஒரு நன்மைதானே. ஒரு பங்கு புண்ணாக்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, கட்டி முழுதும் கரைந்து கூழாகும்வரை ஊறவிடுங்கள். காய்ந்த கட்டியாகப் போட்டால் தொண்டைக் குழாயில் ஊதி அடைக்கும். ஊறியதை நம் வெக்கையில் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வைத்தால் புளித்துவிடும். ஒவ்வொரு நேரமும் புதிதாக ஊறவையுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

புண்ணாக்கை உடைத்துப் பார்த்து வாங்க வேண்டும். உள்ளே பச்சை, கறுப்புப் புள்ளி, வலை போன்ற பூஞ்சணம், மக்கல் மணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுக்கும், சமைத்தாலும் போகாது. மாரி தொடங்கி ஒக்டோபரிலிருந்து இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். சாக்கைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சோளனும் அப்படித்தான். பூஞ்சணம் பிடித்த சோளன் குதிரையின் மூளையையே கரைக்கும் ஒரு நஞ்சை உண்டாக்கும், அதற்கு வைத்தியம் இல்லை. மெலிவுக்குச் சோளன் தேவையும் இல்லை, விட்டுவிடுங்கள்.

தேங்காய்ப் புண்ணாக்கின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதற்காகச் சோயாப் புண்ணாக்கு 300 கிராம் சேருங்கள் (கறிக்கு வாங்கும் சோயா மீற் அல்ல). கொள்ளைக் கைவிட மனமில்லையென்றால் அரைக் கிலோ போதும். ஆனால் ஊறவைத்தது போதாது, விரலால் நசுங்கும்வரை அவித்து, ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு; வேகும்போதுதான் அது அழியும். ஒரு கிலோ பச்சைக் கொள்ளில் நீங்கள் கொடுத்த காசின் ஒரு பகுதி லத்தியாகத்தான் போயிருக்கும்.

இத்தனையையும் ஒரே நேரத்தில் கொட்டக்கூடாது. குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது, 8 முதல் 15 லீற்றர்தான். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. அளவுக்கு மிஞ்சிய மாப்பொருள் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போனால் அங்கே அமிலம் கூடி, நார் செரிக்கும் பற்றீரியா சாகும். பிறகு வயிற்றுக்குத்து, அதோடு குளம்பு அழற்சி. நாளாந்தத் தீனை மூன்று நேரமாகப் பிரியுங்கள்: காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு. ஒவ்வொன்றும் காய்ந்த நிறையில் ஒரு கிலோ சொச்சம். எப்போதும் புல் முதலில், தீன் பிறகு. சவாரிக்கு முன் தீன் வேண்டாம். ஆனால் அரை மணி நேரம் புல் தின்றுவிட்டுப் போகட்டும். வெறும் வயிற்றோடு ஓடும்போது அமிலம் மேலே தெறித்து இரைப்பையின் மேற்பகுதியில் புண் வரும். பந்தயக் குதிரைகளில் இது மிகச் சாதாரணம். உங்கள் குதிரைக்கும் ஏற்கனவே இருக்கக்கூடும்.

மாற்றம் மெல்ல நடக்க வேண்டும். முதல் இரண்டு கிழமை தவிட்டை இரண்டு நாளுக்கு 250 கிராம் வீதம் இறக்குங்கள். மூன்றாம் நாளில் புண்ணாக்கு 200 கிராமில் தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை 200 கிராம் கூட்டுங்கள். சுண்ணக்கல் மா முதல் நாளிலிருந்தே. எண்ணெயை மூன்றாம் கிழமைக்கு முன் தொடவேண்டாம். பிறகு 30 மில்லிலீற்றரில் தொடங்கி, மூன்று நாளுக்கு 30 கூட்டி, 200 இல் நிறுத்துங்கள். தேங்காயெண்ணெயோ சோயா எண்ணெயோ, காறாதது எதுவும் சரி. குதிரைக்குப் பித்தப்பை இல்லை, ஆனால் பித்தநீர் இடைவிடாமல் சுரக்கும். ஆகவே சிறுகச் சிறுகக் கொடுத்தால் எண்ணெய் நன்றாகச் செரிக்கும். லத்தி பளபளவென்று, இளகி வந்தால் ஒரு படி இறங்கி நாலு நாள் நில்லுங்கள்.

புல் 15 கிலோவிலிருந்து 25 கிலோவுக்குப் போக வேண்டும். கண்ணளவு வேண்டாம், தொங்கு தராசில் உரப்பையோடு நிறுத்துக் கட்டுங்கள். கோ-3 ஐ ஆளுயரத்துக்கு மேல் வளரவிட்டு வெட்டினால் தண்டுதான் மிஞ்சும். ஆறு, ஏழு கிழமைக்குள் வெட்டினால் இலை கூட. அத்துடன் காய்ந்த கச்சான் (நிலக்கடலை) கொடி 3 கிலோ. கச்சான் பிடுங்கியபின் தோட்டத்தில் குவித்து எரிக்கும் அந்தக் கொடி, அவரைக் குடும்பத்தது. கோ-3 தராத கல்சியத்தை இது தரும். ஆனால் வேரோடு மணல் வரும். வேர்ப்பக்கம் ஒரு சாணை வெட்டி எறிந்துவிட்டு, படங்கில் போட்டு அடித்து உதறிய பிறகுதான் கட்ட வேண்டும். உதறும்போது புழுதிக்குப் பதிலாக வெண்சாம்பல் போலப் பறந்தால் அது பூஞ்சணம். முழுக் கட்டையும் விலக்குங்கள். இவற்றுக்கு மேல் குளத்தோரத்து அறுகில் மூன்று, நாலு மணி நேரம் மேயவிட்டால் 9 கிலோ கணக்கு நிறைந்துவிடும். வைக்கோல் சத்துக்கு உதவாது. இரவில் வாய் சும்மா இராதிருக்க ஒரு கிலோ போதும். மாட்டுக்கென்று யூரியா ஊட்டிய வைக்கோலைக் குதிரைக்குக் காட்டவும் கூடாது.

வேலியோரத்தில் ஆட்டுக்கு வெட்டும் இபில் இபில் குழையை இரக்கப்பட்டுப் போடாதீர்கள். அதிலுள்ள நஞ்சு பிடரி மயிரையும் வால் மயிரையும் கொட்டச் செய்யும். கிளிரிசீடியாவும் வேண்டாம். கோழித்தீன், அது எந்தக் கோழிக்கானதாக இருந்தாலும், வேண்டாம்: இறைச்சிக் கோழித்தீனில் இரத்தக் கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் மொனென்சின் போன்ற மருந்துகள் கோழிக்கு ஒன்றும் செய்யாத அளவிலேயே குதிரையின் இதயத்தைக் கொல்லும். அதே ஆலையில் கலக்கும் மாட்டுத்தீனிலும் மிச்சம் ஒட்டியிருக்கலாம். கலந்த தீனாக வாங்காமல் தனித்தனிப் பொருளாக வாங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

மணலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளி எங்கும் காலடியில் மணல்தான். தரையில் புல்லைப் போட்டால் குதிரை ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் மணலை விழுங்கும். அது பெருங்குடலின் அடியில் படிந்து, சுவரை உராய்ந்து, செரித்ததை உறிஞ்ச விடாது. மெலிவும் இளகிய லத்தியும் இருந்துகொண்டே இருக்கும், ஒருநாள் அடைப்பு. காலையில் போட்ட லத்தியில் தரையைத் தொடாத மேல் உருண்டைகள் ஆறு எடுத்து, வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலில் ஒரு லீற்றர் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு, நாரை மெல்லச் சரித்து ஊற்றுங்கள். அடியில் மிஞ்சுவதை விரலால் உருட்டிப் பாருங்கள். ஒரு தேக்கரண்டிக்கு மேல் கறகறத்தால் மணல் இருக்கிறது. இல்லாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. படிந்தது நகராமலும் கிடக்கும். கிழமைக்கொரு தடவை மூன்று நாலு முறை பாருங்கள்.

இருந்தால் இசப்கோல் உமி: ஒரு கிலோ உடல் நிறைக்கு ஒரு கிராம், அதாவது உங்கள் குதிரைக்கு 400 கிராம், நாளுக்கு ஒருமுறை, ஏழு நாள் தொடர்ந்து, பிறகு மாதத்துக்கு ஒரு ஏழு நாள். எண்ணெய் தொட்டு ஈரமாக்கிய தீனில் தூவி, உடனே தின்னக் கொடுங்கள். தண்ணீரில் ஊறவிட்டால் வழுவழுத்துப் போகும், பிறகு முகர்ந்தும் பாராது. பார்மசியில் இத்தனை கிராம் வாங்கினால் கை கடிக்கும் என்பது தெரியும். அதைவிட இறப்பர் விரிப்பும் மரத்தொட்டியும் மலிவு. தீன் சிந்தும் இடத்தில் விரிப்பைப் போட்டு, ஒவ்வொரு நேரமும் கூட்டித் துடையுங்கள். மணல் கூட என்று தெரிந்தால், வைத்தியர் மூக்குக் குழாய் வழியாக இசப்கோலையும் மக்னீசியம் சல்பேற்றையும் சேர்த்துக் கொடுப்பது தொட்டியில் கொடுப்பதைவிட விரைவாக வேலை செய்யும்.

உருண்டை துப்புவது பல்லின் முறைப்பாடு. குதிரையின் கடைவாய்ப் பல் வாழ்நாள் முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கும். மேற்பல்லின் வெளி விளிம்பும் கீழ்ப்பல்லின் உள் விளிம்பும் கத்தி போல வளர்ந்து கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். மென்றது விழுங்கும் அளவுக்கு நசுங்காமல் சுருண்டு வெளியே வரும். வாயை அகட்டும் கருவி போட்டு, அரத்தால் ராவ வேண்டும். இது கால்நடை வைத்தியரின் வேலை, 12 வயதில் ஆண்டுக்கு ஒருமுறையாவது. இது நடக்காமல் மேலே சொன்ன தீனெல்லாம் போட்டாலும் பாதி தரையில் கிடக்கும். முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

புழுவுக்கு மருந்து கொடுக்குமுன் லத்தியில் முட்டை எண்ணிப் பாருங்கள். மருந்து ஐவர்மெக்டின் என்றால் குதிரைக்கான வாய்ப்பசை, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வீதம். 412 கிலோவுக்கு 82 மில்லிகிராம். மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தைக் குதிரைக்குக் குத்தாதீர்கள். குத்திய இடம் அழுகி வீங்கிய குதிரைகள் உண்டு. ஈறையும் தூக்கிப் பாருங்கள், வெளிறியிருந்தால் புழுவோடு உண்ணிக் காய்ச்சலையும் தேட வேண்டும்.

தண்ணீர் வேலையில்லாத நாளில் 25 லீற்றர், வெயிலில் நடந்த நாளில் 40க்கு மேலும் போகும். வாளியில் அளந்து ஊற்றினால்தான் குடிக்கிறதா என்று தெரியும். கறியுப்பு நாளுக்கு 30 கிராம் தீனில். வேலை செய்தும் வேர்க்காமல், மூச்சு மட்டும் வாங்கினால் அது வெக்கைப் பகுதிக் குதிரைகளுக்கு வரும் தனி நோய். அன்றே நிறுத்தி நிழலில் கட்டி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள்.

முதல் நாலு கிழமை சவாரி வேண்டாம். சீசன் நேரத்தில் இதைச் சொல்வது எளிது என்று நினைப்பீர்கள். ஆனால் தின்பதை உழைப்பே தின்றுவிட்டால் எலும்புக்கு மேல் எதுவும் ஏறாது. பிறகும் ஆளும் சேணமும் சேர்த்து 60 கிலோவுக்குள், ஈர மணலில், நடை மட்டும்.

இனி நீங்கள் கேட்ட தூள். உயிருள்ள ஈஸ்டுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது: பெருங்குடலின் அமிலத்தை மட்டுப்படுத்தி நார் செரிப்பதைக் கொஞ்சம் கூட்டும். பொதியில் ஈஸ்டின் இனப்பெயரும், ஒரு நாள் அளவில் எத்தனை உயிருள்ள கலம் என்பதும் அச்சிட்டிருக்க வேண்டும். ஆயிரம் கோடி அளவில் இல்லாவிட்டால் வாங்கிப் பயனில்லை. தகரக் கூரைக்குக் கீழ் திறந்து வைத்த பொதியில் இரண்டு கிழமையில் உயிருள்ளது எதுவும் மிஞ்சாது, குளிரூட்டியில் வையுங்கள். பேக்கரி ஈஸ்ட் பாணைப் பொங்க வைக்கத் தேர்ந்தெடுத்த இனம். குதிரைக் குடலில் அதே வேலையைச் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. "நல்ல பற்றீரியா" தூள்களுக்கு வளர்ந்த குதிரையில் நிறை ஏற்றும் ஆதாரம் பலவீனமானது. குட்டிகளில் ஒரு வகை கழிச்சலைக் கூட்டியதும் உண்டு. தயிர் வேண்டாம். வளர்ந்த குதிரைக்குப் பாற்சீனி செரிப்பது குறைவு, அந்தச் சட்டியை வீட்டார் சாப்பிடட்டும். செரிமான நொதியத் தூள், பசி மருந்து, சதை போடும் ஊசி, இந்த மூன்றுக்கும் காசு கொடுக்காதீர்கள். ஒன்றைச் சேர்க்க ஆசைப்பட்டால் உயிருள்ள ஈஸ்ட் மட்டும், அதுவும் பல் ராவி, புல் நிறைந்த ஆறாம் கிழமைக்குப் பிறகு. அப்போதுதான் அது ஏதும் செய்ததா என்று உங்களுக்கே தெரியும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலைத் தீனுக்கு முன், ஒரே ஆள் நாடாவைப் பிடித்து அளந்து, திகதியோடு லாயச் சுவரில் எழுதட்டும். சரியாகப் போனால் நாளுக்கு 300 - 400 கிராம் ஏறும். நாடாவில் முதல் மூன்று கிழமை ஒன்றும் தெரியாது. மூன்று, மூன்றரை மாதத்தில் 450க்குக் கிட்ட வரலாம். ஆறு கிழமையிலும் சுற்றளவு அசையவில்லையென்றால் தீனைக் கூட்டாதீர்கள். ஈரல், சிறுநீரகம், இரைப்பைப் புண் என்று தேட வேண்டிய கட்டம் அது. அதற்குப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் வைத்தியசாலைக்கு உங்கள் வைத்தியர் மூலம் எழுதிக் கேட்கலாம்.

நின்ற நிலையில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 - 44, உடல் வெப்பம் 37.5 - 38.5 பாகை செல்சியஸ் என்பது சாதாரணம். துடிப்பு 60 ஐத் தாண்டினாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து மண்ணில் உருண்டாலோ, அரை நாளாக லத்தி போடாவிட்டாலோ தொட்டியை எடுத்துவிட்டு அப்போதே கூப்பிடுங்கள். புழு முட்டைக்கு லத்தி கொண்டுபோகும்போது புதிதாக விழுந்ததில் ஒரு கைப்பிடி எடுத்து, பிளாஸ்டிக் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி முடிந்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேருங்கள். வெயிலில் காரின் பின்னால் கிடந்தால் முட்டையிலிருந்து புழு வெளிவந்துவிடும், எண்ணிக்கை குறைவாக வந்து உங்களை ஏமாற்றும்.